புதுப்பிப்பு: துபாய் வேலை, காரைக்குடியிலிருந்து கிளம்புகிறேன்

துபாய் வேலைக்கு என்னென்ன தயார் செய்ய வேண்டும் என்று போன மாதம் கேட்டிருந்தேன். பட்டச் சான்றிதழுக்கு சான்றொப்பம் வாங்குவதைத்தான் முதலில் பார்க்கச் சொன்னீர்கள், ரொம்ப நன்றி. மாநில அரசு, வெளியுறவு அமைச்சகம், அமீரகத் தூதரகம் என்று மூன்று முத்திரையும் வாங்கியாயிற்று. பட்டத்தில் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பாவின் முழுப்பெயர். அதைச் சரிசெய்யவே இரண்டு வாரம் போனது. வெளிநாடு போகிறவர்கள் இரண்டையும் முன்னாலேயே ஒப்பிட்டுப் பார்த்துவிடுங்கள். வங்கிச் சேமிப்புக் கணக்கை என்ஆர்ஓவாக, அதாவது வெளிநாட்டில் வசிக்கும் இந்தியர்கள் இங்கே வைத்துக்கொள்ளும் கணக்காக மாற்றும் படிவமும் கையில் இருக்கிறது.

அப்புறம், கசகசா! அமீரகத்தில் அதற்குத் தடை, ஒரு சிட்டிகைகூடக் கூடாது. அப்பத்தா எனக்காகத் திரித்து வைத்த குருமாப் பொடியில் அது இருந்தது. விஷயத்தைச் சொன்னதும் மறுநாளே வளவில் மல்லியும் மிளகாயும் காயவைத்து, கசகசா இல்லாமல் புதிதாகத் திரித்துத் தந்தார். பை முழுக்க அந்த வாசம்தான்.

வியாழக்கிழமை திருச்சியில் விமானம்.