எஞ்சின் ஓடும்போது எந்த கியரும் விழல, ஆஃப் பண்ணினா எல்லாம் விழுது – அவசர உதவி

சேசிஸ்_23
அண்ணன்மாரே, அவசரம். வீட்டிலேயே கட்டின ஸ்போர்ட்ஸ் கார்ல புது எஞ்சினும் கியர்பாக்ஸும் ஏத்தியாச்சு. ஸ்டார்ட் ஆகுது, ஐடில் சுத்தமா நிக்குது. ஆனா கிளட்சை தரை வரைக்கும் மிதிச்சாலும் ஒரு கியரும் விழல, ரிவர்ஸ் கரகரன்னு அரைக்குது. எஞ்சினை நிறுத்தினா எல்லா கியரும் வழுக்கிட்டு விழுது. கிளட்ச் செட் புதுசு. கிளட்ச் ஆயில் பைப்புல மூணு தடவை ஏர் எடுத்துட்டேன். வேற என்ன பாக்கணும்?

திரெட்பிட்ச்
என்ன எஞ்சின், என்ன பாக்ஸ்? எஞ்சின் ஆக்சிலுக்கு முன்னாடியா பின்னாடியா? கிளட்ச் மாஸ்டர் (பெடல் பக்கம் ஆயிலைத் தள்ளுறது), ஸ்லேவ் (பாக்ஸ் பக்கம் கிளட்சை விடுவிக்கிறது) சிலிண்டர் விட்டம் எவ்வளவு? எஞ்சினையும் பாக்ஸையும் இணைக்கிற அடாப்டர் பிளேட் யார் செஞ்சது? இதெல்லாம் தெரியாம எதைச் சொன்னாலும் குருட்டாம்போக்குதான்.

பிரேக்_ஆயில்
ஏர்தான் தம்பி, சந்தேகமே வேண்டாம். பெடல் முன்னாடி, பாக்ஸ் பின்னாடி, நடுவுல நீளமான பைப். அது எங்கயாவது மேல ஏறி இறங்கினா அந்த மேட்டுல ஏர் நின்னுக்கும், மிதிச்சு மிதிச்சு எடுத்தா வராது. ஸ்லேவோட ஏர் நிப்பிள் மேல் பக்கம் பாத்து நிக்குதா? படுக்கை வசமா இருந்தா ஸ்லேவை கழட்டி, நிப்பிள் மேல வர்ற மாதிரி கையில பிடிச்சு, பிஸ்டனை உள்ளே அமுக்கி வெச்சுக்கிட்டு எடுங்க. இல்லன்னா சிரிஞ்சால நிப்பிள் வழியா கீழயிருந்து மேல ஆயிலை தள்ளுங்க.

ஸ்பானர்_14
எஞ்சின் பேரைக்கூட சொல்லாம அவசரம்னு எழுதினா யாரும் உதவ முடியாது. பின் எஞ்சின் வண்டியோட பாக்ஸை திருப்பி வெச்சு, எஞ்சினை ஆக்சிலுக்கு முன்னாடி போட்டா நாலு ரிவர்ஸ், ஒரு ஃபார்வர்டுன்னு வரும். கிரவுன் வீலை (சக்கரங்களுக்கு சுழற்சியைத் திருப்பி விடுற பெரிய பல்சக்கரம்) மறுபக்கம் மாத்தணும். இது அடிப்படை. இதைத் தெரிஞ்சுக்காம எஞ்சினைத் தூக்கி வெக்கவே கூடாது. முதல்ல மேனுவல் படிங்க.

சேசிஸ்_23
மன்னிக்கணும், தெரியும்னு நினைச்சு விட்டுட்டேன். சுபாரு ஈஜே25, ஃபோக்ஸ்வேகன் டைப் 1 பாக்ஸ், எஞ்சின் ஆக்சிலுக்கு முன்னாடி. கிரவுன் வீல் ஏற்கெனவே மாத்தியாச்சு. மாஸ்டர் 15.87, ஸ்லேவ் 22.2 மி.மீ. அடாப்டர் பிளேட் நானே லேத்ல போட்டது, 12 மி.மீ. அலுமினியம். பாக்ஸை சேர்க்கும்போது கடைசி 3 மி.மீ. கையால போகல, போல்ட்டை முறுக்கி இழுத்து சேர்த்துட்டேன்.

பிரேக்_ஆயில்
பாத்தீங்களா, மாஸ்டர் சின்னது. கணக்கு போடுங்க: மாஸ்டர் தள்ளுற தூரத்தை, மாஸ்டர் விட்டத்தை ஸ்லேவ் விட்டத்தால வகுத்து வர்றதோட வர்க்கத்தால பெருக்கணும். மாஸ்டர் 30 மி.மீ. போனா ஸ்லேவ் 15.3 மி.மீ.தான் நகரும். 19.05 மாஸ்டர் போட்டா அதே மிதிக்கு 22 மி.மீ. கிடைக்கும். பெடல் சுமார் 1.44 மடங்கு கனமாகும், பரவாயில்லை.

மைக்ரான்
எல்லாரும் அவரோட கடைசி வரியைப் படிங்க. "போல்ட்டை முறுக்கி இழுத்து சேர்த்துட்டேன்". வியாதி அங்கதான் இருக்கு.

சேசிஸ்_23, தயவுசெய்து இனி ஒரு நிமிஷம்கூட ஸ்டார்ட் பண்ணாதீங்க. இன்புட் ஷாஃப்ட் (எஞ்சின் சுழற்சியை பாக்ஸுக்குள்ள கொண்டுபோற தண்டு) மூக்கு கிராங்க் பக்கம் எங்கேயோ முட்டுது. கிளட்ச் பிளேட் விடுபட்டாலும், முட்டின இடத்துல வர்ற உராய்வே ஷாஃப்டை எஞ்சினோட சேத்து சுத்த வைக்கும். அதான் ஓடும்போது கியர் விழல, நின்னா விழுது. அதைவிட மோசம், அந்த அழுத்தம் முழுக்க கிராங்க்கோட திரஸ்ட் பேரிங்ல (கிராங்க் முன்னும் பின்னும் நகராம தாங்குறது) விழுது.

கழட்டுறதுக்கு முன்னாடி ஒரே ஒரு சோதனை. கிராங்க் புல்லி மேல டயல் கேஜ் (நுண்ணிய அசைவை அளக்கிற கருவி) வெச்சு, கிராங்கை முன்னும் பின்னும் நெம்பிப் பாருங்க. பாக்ஸ் சேர்ந்திருக்கும்போது ஆட்டமே இல்லாம, பாக்ஸை எஞ்சினோட சேர்க்கிற பெல் ஹவுசிங் போல்ட்டுகளை தலா ஒரு சுத்து தளர்த்தினதும் ஆட்டம் வந்துட்டா சந்தேகமே இல்லை.

கிளட்ச்பிளேட்
இன்னொரு வாய்ப்பும் இருக்கு. டைப் 1 பாக்ஸ்ல 1971-க்கு முந்தினதுக்கு ரிலீஸ் பேரிங் (பெடல் மிதிச்சா பிரஷர் பிளேட்டை அமுக்கி கிளட்சை விடுவிக்கிறது) கைடு குழாய் கிடையாது. அதுக்கு நடுவுல வளையம் வெச்ச பிரஷர் பிளேட் வேணும். பிந்தினதுக்கு வளையம் இல்லாதது. கலந்து போட்டிருந்தா பேரிங்கோட ஆரம்ப நிலையே தப்பா போயிடும். பாக்ஸ் இறங்கினதும் அதையும் பாத்துடுங்க. கிளட்ச் பிளேட்டோட உயரமான முகம் எந்தப் பக்கம் இருக்குன்னும் பாருங்க, திருப்பிப் போட்டா ஸ்பிரிங் கூடு ஃபிளைவீல் போல்ட்ல உரசும்.

தலைகீழ்_பாக்ஸ்
கிரவுன் வீலை மாத்தினதே எனக்குப் பிடிக்கல. சுமை பல்லோட பின் முகத்துல விழும், சீக்கிரம் போயிடும். பாக்ஸையே தலைகீழா கவுத்துப் போட்டிருந்தா எதையும் பிரிக்க வேண்டியதில்லை.

ஸ்பானர்_14
தப்பு. எஞ்சின் சுத்துற திசை மாறல, கிரவுன் வீலை ஓட்டுற சின்ன பல்சக்கரமான பினியன் சுத்துற திசையும் மாறல. பினியனோட அதே முகம்தான் தள்ளுது, கிரவுன் வீல் எதிர்ப்பக்கம் நின்னு அதே முகத்துல வாங்குது. பின் முகத்துல சுமை விழுறது, எதிர்த் திசையில சுத்துற எஞ்சினை மாட்டினாதான். இதை பல தடவை எழுதிட்டேன்.

தலைகீழ்_பாக்ஸ்
சரி, முகம் பத்தி ஒத்துக்கிறேன். ஆனா பக்க பேரிங் ஷிம்மை (இடைவெளி சரிபண்ணுற மெல்லிய வளையம்) அப்படியே இடம் மாத்திப் போட்டுட்டு பேக்லாஷ் (பல்லுகளுக்கு நடுவுல இருக்கிற ஆட்டம்) அளக்காம மூடுறவங்கதான் அதிகம்.

திரெட்பிட்ச்
அது நியாயம். டைப் 1-ல பேக்லாஷ் 0.15 – 0.25 மி.மீ. இருக்கணும், மாத்தினப்புறம் கட்டாயம் அளக்கணும். ஆனா கவுத்துப் போட்டா ஆயில் மட்டம், பிரீதர், டிரெயின் பிளக் மூணுமே இடம் மாறும். அது சும்மா வேலை இல்லை. கேட்டவர் கிளட்சுக்கு வழி கேட்டார், அதுக்கு வருவோம்.

சேசிஸ்_23
டயல் கேஜ் வெச்சேன். பூஜ்யம். போல்ட்டை தளர்த்தினதும் பாக்ஸ் தானா பின்னால வந்துச்சு. இறக்கிட்டேன். இப்ப என்ன?

மைக்ரான்
நல்லது, இப்ப எங்கே முட்டுதுன்னு கண்டுபிடிக்கணும். ரெண்டு இடம் இருக்கு: ஷாஃப்ட் மூக்கோட நுனி கிராங்க் பக்க குழியின் அடியில முட்டலாம், இல்லன்னா மூக்குக்குப் பின்னாடி இருக்கிற படி, மூக்கைத் தாங்குற பைலட் பேரிங் முகத்துல முட்டலாம். ரெண்டு இடத்துலயும் பிளாஸ்டிசின் களிமண் ஒட்டுங்க. கிளட்ச் பிளேட்டை கழட்டிட்டு, பாக்ஸை கையால மட்டும் தள்ளி, மறுபடி எடுத்து, எந்தக் களிமண் நசுங்கியிருக்குன்னு பாருங்க.

நுனின்னா ஷாஃப்டை குறைக்கலாம். வெளியே 3 மி.மீ. இடைவெளி இருக்கும்போதே முட்டினதால 3 மட்டும் குறைச்சா பத்தாது. 2 மி.மீ. காலி இடமும் சேர்த்து 5. குறைச்ச பிறகும் மூக்கு பைலட் பேரிங்கோட முழு அகலத்தையும் தொடுதான்னு அளந்துக்கங்க. வெட்டும்போது சூடேறி நீலம் பாயக் கூடாது, மெல்லிய வெட்டு வட்டால கொஞ்சம் கொஞ்சமா, தண்ணி விட்டு. விளிம்புல சேம்ஃபர் (சாய்வு வெட்டு) வேணும், இல்லன்னா பேரிங் சீலை கிழிச்சிடும். பாக்ஸ் வாயை துணியும் டேப்பும் போட்டு மூடுங்க, கிரைண்டர் தூள் ஆயில் சீல்ல போனா வேற வேலை வரும். படி முட்டினா வெட்டிப் பயனில்லை, பேரிங்கை ஃபிளைவீல்ல உள்ளே தள்ளி உக்கார வைக்கணும். பிளேட்டுக்கு அடியில ஷிம் போட்டு தப்பிக்கப் பாக்காதீங்க, கிளட்ச் பிளேட், ஷாஃப்டோட பல் வரியான ஸ்பிளைன்ல பிடிக்கிற நீளம் குறைஞ்சிடும்.

பிளேட் நீங்களே போட்டதால மையமும் பாருங்க. டயல் கேஜை ஃபிளைவீல்ல நிறுத்தி, அடாப்டர்ல பாக்ஸ் உக்காருற மையத் துளையைச் சுத்தி கிராங்கை ஒரு முழு சுத்து சுத்துங்க. மொத்த வித்தியாசம் 0.13 மி.மீ.க்குள்ள இருக்கணும். கேஜ் ரெட்டிப்பா காட்டும், 0.40 வந்தா உண்மையான விலகல் 0.20தான். டவல் பின்னை (பாக்ஸை மையத்துல நிறுத்துற பின்) அந்த அளவுக்குத்தான் ஆஃப்செட் பண்ணணும்.

பிரேக்_ஆயில்
மைக்ரான் சொன்னது சரி, நான் அந்த வரியை கவனிக்கல. ஆனாலும் 15.3 மி.மீ. தள்ளல், ரிலீஸ் பேரிங்கை தள்ளுற அந்த ஃபோர்க்குக்கு கம்மின்னுதான் தோணுது. சேர்த்தப்புறம் சக்கரத்தைத் தூக்கி, நாலாவது கியர்ல, பெடல் மிதிச்சு, ரெண்டு சக்கரத்தையும் ஒரே திசையில கையால சுத்துங்க. கிராங்க் புல்லியும் கூட சுத்தினா மாஸ்டரை மாத்துங்க.

சேசிஸ்_23
நுனிதான் முட்டியிருக்கு, களிமண் காகிதம் மாதிரி நசுங்கியிருந்துச்சு. 5 மி.மீ. குறைச்சேன். கேஜ் 0.36 காட்டுச்சு, 0.18 ஆஃப்செட் டவல் கடைஞ்சு போட்டு 0.05-க்கு வந்துடுச்சு. இப்ப பாக்ஸ் கையாலேயே முகத்தோட முகம் சேருது. மாஸ்டர் பழசேதான், சக்கரம் தனியா சுத்துது. முன் கியர் நாலும் விழுது, ரிவர்ஸ் மட்டும் லேசா உரசுது. எல்லாருக்கும் நன்றி.

கிளட்ச்பிளேட்
ரிவர்ஸுக்கு சிங்க்ரோ (பல்லுகளோட வேகத்தை ஒண்ணாக்குற அமைப்பு) கிடையாது. மிதிச்சு மூணு நாலு வினாடி விட்டு போடுங்க. இல்லன்னா முதல்ல ஒரு முன் கியரைத் தொட்டு ஷாஃப்டை நிறுத்திட்டு ரிவர்ஸ் போடுங்க.

மைக்ரான்
போல்ட் முறுக்கினப்புறம் கிராங்க் ஆட்டம் எவ்வளவு வந்துச்சு? 0.25 மி.மீ.ஐத் தாண்டியிருந்தா திரஸ்ட் பேரிங் தேஞ்சிருக்கு, ஓட்டாதீங்க. ஆயிலை இறக்கி ஃபில்டரை வெட்டிப் பாருங்க, வெள்ளியா மினுக்குதான்னு.

மைக்ரான்
சேசிஸ்_23, அளந்தீங்களா?