யூஎஸ்பி ஃபிளாப்பி டிரைவ் ஃபார்மட் கேட்கிறது, உதவுங்கள்

மீனா_திருச்சி:
அப்பா 1998-ல் டைப் செய்த கவிதைகள் ஃபிளாப்பியில் இருக்கின்றன. யூஎஸ்பி டிரைவ் வாங்கினேன். எதைப் போட்டாலும் ஃபார்மட் செய்யச் சொல்கிறது. அடுத்த மாதம் அவருக்குப் பீமரத சாந்தி, அதற்குள் புத்தகமாக்க வேண்டும். ஃபார்மட் கொடுக்கலாமா?

பழையபெட்டி:
ஐயோ, கொடுக்காதீர்கள்! அத்தனையும் போய்விடும். மூலையில் உள்ள சின்னத் தாழ்ப்பாளை நகர்த்தி ஓட்டையைத் திறந்து வையுங்கள், எதுவும் எழுதப்படாது. எந்த விண்டோஸ்? எத்தனை ஃபிளாப்பி?

ராஜா_அச்சகம்:
கரண்ட் போதவில்லை. ஹப்பில் செருகியிருப்பீர்கள். நேராகக் கம்ப்யூட்டரில் செருகுங்கள்.

கணினிக்கிழவன்:
விவரம் இல்லாமல் கேட்டால் யார் என்ன சொல்வது? தாழ்ப்பாளுக்கு எதிர் மூலையில் ஓட்டை இருந்தால் 1.44 எம்பி, இல்லையென்றால் 720 கேபி. பழைய மேக்கின் 800 கேபி என்றால் யூஎஸ்பி டிரைவ் படிக்கவே படிக்காது. இதையெல்லாம் பலமுறை எழுதிவிட்டேன். தேடிவிட்டுக் கேளுங்கள்.

மீனா_திருச்சி:
விண்டோஸ் 11. மொத்தம் ஒன்பது, எல்லாவற்றிலும் அந்த ஓட்டை இருக்கிறது. ஹப் இல்லை. சொல்ல விட்டுப்போயிற்று: முதல் இரண்டு ஃபிளாப்பியும் நேற்றுத் திறந்தன. மூன்றாவதைப் போட்டதும் கரகரவென்று சத்தம். அப்புறம் அந்த இரண்டும்கூடத் திறக்கவில்லை.

பழையபெட்டி:
விஷயமே அதுதான். மூன்றாவதின் தகர மூடியை விரலால் ஒதுக்கி, வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தால் பூஞ்சை. அது டிரைவுக்குள் படிக்கும் முனையான ஹெட்டில் அப்பிக்கொண்டால் நல்ல ஃபிளாப்பியையும் கீறிவிடும், இப்போது எதையும் போடாதீர்கள். டிரைவைக் கழற்றி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக் குச்சியால் மேல், கீழ் இரண்டு ஹெட்டையும் துடைத்துக் காயவிடுங்கள். மேல் ஹெட்டை ரொம்பத் தூக்காதீர்கள், வளைந்தால் டிரைவ் அவ்வளவுதான்.

ராஜா_அச்சகம்:
திறந்தாலும் படிக்க முடியாது. அந்தக் காலத்து ஃபைல் என்றால் பாமினி ஃபாண்ட். அந்த ஃபாண்ட் இல்லாவிட்டால் தமிழ் எல்லாம் ஆங்கில எழுத்தும் குறியுமாகத்தான் தெரியும்.

கணினிக்கிழவன்:
எல்லாமே பாமினியா? தமிழ் எழுத்துக் குறியீட்டை டாம், டாப் என்று அரசு தரப்படுத்தியதே 1999-ல்தான். அதற்கு முன் ஆளுக்கொரு குறியீடு.

ராஜா_அச்சகம்:
எங்கள் அச்சகத்துக்கு வந்ததெல்லாம் பாமினிதான். மெய்யெழுத்தின் புள்ளிக்கு அதில் அரைப்புள்ளி. திறந்து பார்த்தால் தெரிந்துவிடும்.

கணினிக்கிழவன்:
உங்கள் அச்சகம்தான் தமிழ்நாடா?

பழையபெட்டி:
சண்டை அப்புறம். மீனா, திறந்ததும் முதலில் ஹார்டு டிஸ்க்கில் காப்பி எடுங்கள்.

மீனா_திருச்சி:
வெள்ளைப் புள்ளிகள் இருந்தன. துடைத்தேன். எட்டு திறந்தது, காப்பி எடுத்துவிட்டேன். மூன்றாவதைப் போடவில்லை. ராஜா அண்ணா, வரிக்கு வரி அரைப்புள்ளி. நன்றி.