பழைய உருக்கு பிரேமில் புதிய சைக்கிள்: அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்

வணக்கம் உறவுகளே. அப்பா ஓடிய பழைய உருக்கு பிரேமில் எனக்கென்று ஒரு சைக்கிள் கட்டுகிறேன். தினமும் உப்புவெளியிலிருந்து திருகோணமலை நகரத்துக்கு, விடுமுறையில் நிலாவெளிக்கு. கோணேசர் கோயில் ஏற்றத்தை இறங்காமல் மிதித்து ஏற வேண்டும் என்பது பெரிய ஆசை.

முதற்சிக்கல் பின்சில்லு. பிரேமில் பின்சில்லு பொருந்தும் இடைவெளி 126 மில்லிமீற்றர். றிம்மைப் பிடிக்கும் பிரேக் உள்ள இப்போதைய ரோட் சைக்கிள்களின் ஹப்களோ, அதாவது சில்லின் நடுக்குடங்களோ, 130. உருக்கு வளைந்து கொடுக்கும், பிரேமை விரிக்கலாம் என்கிறார்கள். அப்படி விரித்து ஓடுபவர்கள் இருக்கிறீர்களா? அச்சு பொருந்தும் இரு முனைகளும் இணையாக நிற்கும்படி செய்துதர இங்கே யாரால் முடியும்?

அடுத்தது உப்புக்காற்று. எவ்வளவு எண்ணெய் விட்டாலும் செயின் கண்ணிகளின் ஓரத்தில் செந்துரு பூத்துவிடுகிறது. நிக்கல் பூசிய செயின் உண்மையில் தாங்குமா? சீற்றைத் தாங்கும் அலுமினியக் குழாயை மட்டும் நன்றாகக் கிறீஸ் பூசித்தான் இறக்குவேன். இல்லாவிட்டால் உருக்கோடு இறுகிவிடும்.

கியர் 8 வேகம் போதும். செயினும் கசெற்றும் (பின்சில்லின் பற்சக்கரத் தொகுதி) மலிவு. ஷிமானோ கிளாரிஸ் என்ற 8 வேக கியர் தொகுதியில் ஓடுபவர்களே, கோணேசர் கோயில் ஏற்றத்துக்குக் கசெற்றின் பெரிய சக்கரத்தில் 32 பல் போதுமா, 34 வேண்டுமா? ஸ்போக் கோத்து றிம் நேராக்கும் கைதேர்ந்தவர் திருகோணமலையில் இருந்தால் அவசியம் தெரியப்படுத்துங்கள். சில்லு வேலையை அனுபவமில்லாதவரிடம் கொடுக்க எனக்கு மனமில்லை.