உதவி தேவை: கூஸ் வாத்து ஆளைத் துரத்திக் கடிக்குது, புதுசா விட்டதையும் சேர்க்க மாட்டேங்குது

தோப்புவீடு:
வணக்கம், அவசரம். எங்க கூஸ் ஒன்னு திடீர்னு முரடாயிடுச்சு. கேட்டைத் திறந்தாலே ஓடி வந்து கடிக்குது. பால்காரருக்குக் கெண்டைக்கால்ல ரத்தம். புதுசா வாங்கி விட்ட ரெண்டைத் தண்ணிகிட்டயே அண்ட விடறதில்ல. வீட்டுல சின்னக் குழந்தை இருக்கு. என்ன பண்ணலாம், சீக்கிரம் சொல்லுங்க.

கரிசல்மண்:
மொத்தம் எத்தனை? ஆண் எத்தனை, பெட்டை எத்தனை? அலகுக்கு மேல முண்டு இருக்கா? முட்டை வைக்குதா? எதுவுமே சொல்லாம எப்படிங்க பதில் சொல்றது?

வாய்க்கால்மேடு:
உடம்புச் சூடுதான் காரணம். கம்பு, மக்காச்சோளத்தை நிறுத்திட்டு மோர்ல ஊறவெச்ச தவிடு, கீரை போடுங்க. அடங்கிடும்.

பண்ணைக்குறிப்பு:
இதே கேள்வி இங்க எத்தனை தடவை வந்தாச்சு. பழைய பதிவுகளைத் தேடிப் படிக்கற பொறுமை யாருக்கும் இல்ல. தம்பி, மோருக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. முட்டைப் பருவத்துல ஆண் கூஸ் அடைகாக்காது, காவல்தான் நிக்கும். பெட்டை எங்க கூடு போடுதோ அந்த இடத்தைச் சுத்தி யார் வந்தாலும் அதுக்கு எதிரிதான். கூடு எங்க இருக்குன்னு முதல்ல பாருங்க. வழியில இருந்தா வழியை மாத்துங்க, வாத்தை மாத்த முடியாது.

தோப்புவீடு:
மன்னிக்கணும். பழசு 3, புதுசு 2. எல்லாமே வெள்ளை, ஆரஞ்சு முண்டு இருக்கு. பழசு மூனும் குஞ்சுல இருந்து கையில வளர்த்தது. ஆண் பெண் தெரியல. ஒன்னு கேட்டுப் பக்கத்துல ஓலைக் குவியல்லயே உட்கார்ந்திருக்கு.

ஆட்டுப்பட்டி:
ஓலைக் குவியல்னா அதுதான் கூடு. அதுவும் கேட்டுகிட்ட! கடிக்காம என்ன செய்யும்.

முண்டு இருக்கற வெள்ளை கூஸ்னா சீன இனம். அதுல வளர்ந்த ஆணுக்கு முண்டு பெருசு, கழுத்து நீளம், குரல் கீச்சுன்னு மேல போகும். பெட்டை குரல் கட்டையா, கரகரன்னு இருக்கும். சந்தேகம்னா கால்நடை மருந்தகத்துல காட்டுங்க, பின்துவாரத்தைப் பார்த்தே உறுதியா சொல்லிடுவாங்க. இந்த இனத்துல ஒரு ஆணுக்கு 4, 5 பெட்டை வரைக்கும் விடலாம். ரெண்டு ஆண் ஒரே பெட்டைக்கு நின்னா சண்டை ஓயாது, எந்தத் தீவனம் மாத்தினாலும் சரி.

கையில வளர்த்தது இன்னொரு விஷயம். ஆளைப் பார்த்துப் பயமே இல்லாம வளர்ந்த ஆண், பருவம் வந்ததும் ஆளையும் இன்னொரு ஆண் வாத்தாத்தான் நினைக்கும். கூட்டத்தோட வளர்ந்ததைவிட இதுதான் அதிகம் பாயும்.

கரிசல்மண்:
பாயும்போது என்ன செய்யணும்னு யாரும் சொல்லலையே. கழுத்தைத் தரையோட நீட்டிச் சீறினா அது எச்சரிக்கை. முதுகைக் காட்டி ஓடக்கூடாது, ஓடினா அது ஜெயிச்சதா அர்த்தம், அடுத்த தடவை இன்னும் தூரத்துல இருந்தே வரும். நின்ன இடத்துல நின்னு ரெண்டு கையையும் அகல விரிங்க. கையில தென்னந்துடைப்பம் இருந்தா குறுக்கே பிடிச்சு ஒதுக்குங்க, அடிக்காதீங்க. அடிச்சா வெறிதான் கூடும். அப்பவும் கவ்வினா, தலைக்குக் கீழ கழுத்தை இறுக்காம பிடிச்சு, இறக்கை ரெண்டையும் உடம்போட அணைச்சு, தலை பின்பக்கம் பார்க்கற மாதிரி கக்கத்துல வெச்சுக்குங்க. திமிர்றது நின்ன பிறகு இறக்கி விடுங்க. காலையோ இறக்கையையோ பிடிச்சுத் தூக்காதீங்க.

குழந்தையை மட்டும் இந்தப் பழக்கத்துல இறக்க வேண்டாம். அலகும் குழந்தை முகமும் ஒரே உயரம், இறக்கை அடியும் பலமா விழும். முட்டைப் பருவம் முடியற வரைக்கும் நடுவுல வேலி இருக்கணும்.

மேற்குச்சரிவு:
இவ்வளவு பாடு எதுக்கு, ஆணைக் கொடுத்துடுங்க. ஆனா ஒன்னாவது வெச்சுக்குங்க. கூஸ் இருக்கற தோட்டத்துல பாம்பு வராது.

பண்ணைக்குறிப்பு:
பாம்பு வராதுன்னு யார் சொன்னது? கூஸ் புல் மேயற பறவை. பாம்பைப் பார்த்தா கத்தும், அவ்வளவுதான். சிந்தின தீவனத்துக்கு எலி வரும், எலிக்குப் பாம்பு வரும். இதைச் சொல்லிச் சொல்லி வாய் வலிச்சுப் போச்சு.

மேற்குச்சரிவு:
கத்தறதே போதும்ங்க. ராத்திரி கத்தினா டார்ச் எடுத்துட்டுப் பார்க்கறோம்ல, அதுதான் காவல். எங்க பக்கம் பத்துத் தோட்டத்துல அதுக்குத்தான் வளர்க்கறாங்க.

பண்ணைக்குறிப்பு:
காவல் வேற, வராதுங்கறது வேற. இப்ப நீங்க சொன்னது முதல்ல சொன்னது இல்ல.

ஆட்டுப்பட்டி:
பாம்பு விவாதத்தைத் தனியா வெச்சுக்குங்க. புதுசு ரெண்டுக்கு யாரும் வழி சொல்லலை.

தோப்புவீடு, வாங்கின அன்னைக்கே கலந்து விட்டிருந்தா உடனே பிரிங்க. 3, 4 வாரம் தனியா இருக்கணும், நோய்க்காகவும்தான். அந்த நாள் முடிஞ்சதும் நடுவுல 3 அடி உயரக் கம்பிவலை கட்டுங்க, தலை நுழையாத கண்ணி. வலைக்கு ரெண்டு பக்கமும் ஒட்டினாப்புல ஒரே நேரத்துல தீவனம் வைங்க. பார்த்துப் பார்த்துப் பழகட்டும். ஒன்னு ரெண்டு வாரத்துல வலையில மோதறது குறைஞ்சிடும். அப்புறம் பழசு தன்னோடதுன்னு நினைக்காத இடத்துல, வயல் வரப்போ களமோ, சாயங்காலம் சேர்த்து விடுங்க. ரெண்டு தீவனத் தட்டு, ரெண்டு தண்ணித் தொட்டி, 10 அடி இடைவெளி. தொட்டி தலை முழுசா முங்கற ஆழம் இருக்கணும், கண்ணும் மூக்கும் கழுவிக்கும். மூலை முடுக்கு இருக்கற கொட்டகைக்குள்ள மட்டும் முதல்ல சேர்க்காதீங்க. தோத்தது ஓட வழி இல்லாமதான் சாகும்.

கொஞ்ச நேரம் இறக்கை அடிச்சுட்டு ஒன்னு விலகிப் போச்சுன்னா விட்டுடுங்க, வரிசை முடிவாகுது. கழுத்தைக் கவ்விக் கீழ அழுத்தியே வெச்சிருந்தா, ரத்தம் வந்தா உடனே பிரிக்கணும். காயத்துல போவிடோன் அயோடின் போட்டு ஈ மொய்க்காம பாருங்க, புழு வெச்சிடும்.

வாய்க்கால்மேடு:
மோர் வெச்சுப் பார்த்தீங்களா?

தோப்புவீடு:
டாக்டர்கிட்ட காட்டியாச்சு. பழசுல ரெண்டு ஆண், புதுசு ரெண்டும் பெட்டை. ஒரு ஆணைச் சொந்தக்காரங்க தோட்டத்துக்கு அனுப்பிட்டோம். கேட்டுகிட்ட ஆள் போற வழியை மாத்தியாச்சு. வலை கட்டிருக்கு, இன்னும் சேர்க்கல. நன்றி.

கரிசல்மண்:
எந்த ஆணை அனுப்பினீங்க, ஓலைக் குவியல்கிட்ட நிக்கறதையா இன்னொன்னையா? ஜோடி சேர்ந்ததை அனுப்பியிருந்தா பெட்டை கொஞ்ச நாள் தீவனம் எடுக்காது, கவனிங்க.