பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலக ஏன் நாலரை வருஷம் ஆனது? பேச அப்படி என்ன இருந்தது?

துறையூரான்:

அனைவருக்கும் வணக்கம். உலக நடப்பைப் பொழுதுபோக்காகப் படிப்பவன் நான், பொருளாதாரம் படித்தவன் இல்லை. ரொம்ப நாளாக ஒரு சந்தேகம். 2016 ஜூன் 23 அன்று பிரிட்டனில் வாக்கெடுப்பு நடந்தது. 51.9 சதவீதம் பேர் விலகலாம் என்றார்கள். சரி, முடிந்தது என்று பார்த்தால், வெளியே வந்தது 2020 ஜனவரி 31. அதற்கப்புறமும் அந்த வருஷம் முடியும் வரை பழைய விதிகளே ஓடின. நடுவில் இரண்டு பிரதமர்கள் பதவியை விட்டுப் போனார்கள்.

எங்கள் வீட்டில் பெரியப்பாவும் அப்பாவும் பாகம் பிரித்தபோது ஊர்ப் பெரியவர்கள் நாலு பேர் திண்ணையில் உட்கார்ந்தார்கள். நிலம், களம், மாடு, வீடு என்று ஒரே ஞாயிற்றுக்கிழமையில் பிரித்து எழுதிவிட்டார்கள். அதனால்தானோ என்னவோ, டிவியில் பிரெக்ஸிட் செய்தி வந்தாலே அப்பா, "வேண்டாம்னா வெளிய வந்துட வேண்டியதுதானே, இதுல என்ன பேச்சுவார்த்தை?" என்பார். எனக்குப் பதில் சொல்லத் தெரிந்ததில்லை. அங்கே இருப்பவர்கள் யாராவது, பத்திரிகைத் தலையங்கம் மாதிரி இல்லாமல், விளக்க முடியுமா?

ஆற்காடு வக்கீல்:

சட்டப் பக்கத்தை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன். ஐரோப்பிய ஒன்றியத்தின் லிஸ்பன் ஒப்பந்தத்தில் 50-வது பிரிவு என்று ஒன்று. விலகும் நாடு கடிதம் கொடுத்த நாளிலிருந்து இரண்டு வருஷம் அவகாசம். அதற்குள் உடன்பாடு வந்தால் அதன்படி, வராவிட்டால் வெறுங்கையோடு வெளியே. அவகாசத்தை நீட்டிக்க மீதி 27 நாடுகளும் ஒருமனதாகச் சம்மதிக்க வேண்டும். கடிதம் கொடுக்காத வரை கடிகாரம் உங்களிடம், கொடுத்த மறுநிமிஷம் அது எதிராளியிடம். அப்போதைய பிரதமர் தெரேசா மே 2017 மார்ச் 29 அன்று கடிதத்தைக் கொடுத்தார். எதைக் கேட்கப்போகிறோம் என்பதில் அப்போது அவருடைய அமைச்சரவைக்குள்ளேயே ஒற்றுமை இல்லை. போதாததற்கு ஜூனில் தேர்தல் வைத்து, இருந்த பெரும்பான்மையையும் தொலைத்தார். என்ன பரிகாரம் வேண்டும் என்று முடிவு செய்யாமலே வாதி வழக்குப் போட்ட கதை.

இதற்கு முன் விலகியது கிரீன்லாந்து. 1982-ல் வாக்கெடுப்பு, 1985-ல் வெளியே. ஐம்பதாயிரம் சொச்சம் பேர்தான். பேச இருந்ததும் முக்கியமாக மீன்தான். அதற்கே மூன்று வருஷம்.

கிடங்குக்காரன் (லண்டன்):

தம்பி, உங்கள் அப்பா கேட்டது நல்ல கேள்வி. நானும் அரசியல் படித்தவன் இல்லை. மேற்கு லண்டனில் தமிழ்ச் சாமான் மொத்த வியாபாரம் செய்யும் ஒரு கிடங்கில் பதினாறு வருடமாகக் கணக்கும் ஏற்றுமதித் தாள்களும் பார்க்கிறேன். எங்கள் வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் பாரிஸ் லாச்சப்பல் கடைக்காரர், மிச்சம் ஜெர்மனி, ஹாலந்து. என் மேசையிலிருந்து தெரிந்ததைச் சொல்கிறேன்.

2020 முடியும் வரை எங்கள் வேலை இப்படித்தான். மாலை ஆறு மணிக்கு லொறியில் இடியப்ப மா, முருங்கைக்காய், நெய், தேங்காய், ஊறுகாய் எல்லாம் ஏற்றுவோம். டோவர் துறைமுகத்தில் ஓட்டுநரின் கடவுச்சீட்டைப் பார்ப்பார்கள், சாமானை யாரும் பார்க்க மாட்டார்கள். விடிய லாச்சப்பலில் கடை திறக்கும்போது பெட்டிகள் வாசலில் நிற்கும். கூடப் போவது ஒரேயொரு தாள், எங்கள் பில். பேர்மிங்ஹாமுக்கு அனுப்புவதும் பாரிசுக்கு அனுப்புவதும் எனக்கு ஒன்றுதான்.

அந்த 'ஒன்றுதான்' என்பதைத்தான் அவர்கள் பிரிக்க வேண்டியிருந்தது. 1973-ல் சேர்ந்த நாடு. மருந்து, விமானம், வங்கி, மீன், ஆட்டிறைச்சி எல்லாவற்றுக்கும் இரண்டு பக்கமும் ஒரே சட்டப்புத்தகம். நிலத்தைச் சங்கிலி பிடித்து அளந்து பிரிக்கலாம். ஒரே அடுப்பில் நாற்பத்தேழு வருடம் சமைத்ததை எப்படி அளப்பது?

பேச்சு தொடங்கியது 2017 ஜூன் 19. விலகல் கணக்கையும் இனிமேலான வியாபாரத்தையும் சேர்த்தே பேசலாம் என்பது பிரித்தானியாவின் விருப்பம். பிரஸல்ஸ், அதாவது ஐரோப்பிய ஒன்றியத் தலைமை, அதற்கு இடம் கொடுக்கவில்லை. முதலில் பிரிவினைக் கணக்கு மூன்று: குடிமக்கள் உரிமை, கொடுக்க வேண்டிய காசு, அயர்லாந்து எல்லை. வியாபாரம் பிறகுதான். இந்த வரிசைதான் கோடைகாலத்துப் பெரிய சண்டையாக இருக்கும் என்று எங்கள் அமைச்சர் டேவிட் டேவிஸ் முன்கூட்டியே சொல்லியிருந்தார். முதல் நாளே ஒத்துக்கொண்டு வந்துவிட்டார். அன்று பின்னேரம் தேத்தண்ணி குடித்துக்கொண்டு என் முதலாளி சொன்னார்: "விலை பேச முதலே அட்வான்ஸ் குடுத்திட்டாங்கள்." எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர், ஆனால் பேரத்தில் பேராசிரியர்.

அந்த வருடம் டிசம்பரில் எதிர்த்தரப்பின் தலைமைப் பேச்சுவார்த்தையாளர் மிஷேல் பார்னியே ஒரு படிக்கட்டுப் படம் காட்டினார். மேலே போகப் போக ஒன்றியத்தோடு நெருக்கம் கூட. மேல்படியில் நோர்வே, அதற்குக் கீழே சுவிட்சர்லாந்து, உக்ரைன், துருக்கி, கடைசியில் கனடா. 'ஆட்கள் சுதந்திரமாக வரக்கூடாது', 'உங்கள் நீதிமன்றம் வேண்டாம்', 'சுங்க ஒன்றியம் (உள்ளே சுங்கவரி இல்லை, வெளியாருக்கு எல்லாரும் ஒரே வரி) வேண்டாம்' என்று தெரேசா மே போட்ட ஒவ்வொரு சிவப்புக் கோட்டுக்கும் ஒரு படி இறங்க வேண்டும். கோடு எல்லாவற்றையும் வைத்துக்கொண்டால் மிஞ்சுவது கனடாப் படி. மூன்று வருடம் கழித்து வந்து நின்றதும் கிட்டத்தட்ட அதில்தான்.

இடையில் நடந்தது என்ன என்று கேட்டால், பிரஸல்ஸோடு பேசிய நேரத்தைவிட லண்டன் தனக்குள் சண்டை பிடித்த நேரம்தான் கூட. மே கொண்டுவந்த 585 பக்க உடன்படிக்கையைப் பாராளுமன்றம் மூன்று தரம் தோற்கடித்தது. முதல் தரம், 2019 ஜனவரியில், 432-க்கு 202. விலக வேண்டாம் என்றவர்களும் எதிராக வாக்களித்தார்கள், இது விலகலே இல்லை என்றவர்களும் எதிராக வாக்களித்தார்கள். கிடங்கில் எங்கள் பாடு இன்னொரு விதம். மார்ச் 29-க்கு உடன்பாடு இல்லாமல் வெளியேறுவோம் என்று சாமான் குவித்தோம். தேதி ஏப்ரல் 12-க்குப் போனது. பிறகு அக்டோபர் 31. மறுபடி குவித்தோம். அந்தத் தேதியைப் பொறித்து அடித்த ஐம்பது பென்ஸ் நாணயங்களை அரசாங்கம் உருக்க வேண்டி வந்தது. எங்களிடம் உருக்க ஒன்றும் இல்லை, காலாவதியான தேங்காய்ப்பால் பவுடர் மட்டும் நாற்பது பெட்டி.

கடைசியில் வியாபார ஒப்பந்தம் வந்தது 2020 டிசம்பர் 24. 1,246 பக்கம். அமலுக்கு வர ஒரு வாரம்தான் இருந்தது. பாராளுமன்றம் டிசம்பர் 30 அன்று ஒரே நாளில் நிறைவேற்றியது.

அந்த ஒரு வாரத்தில் நான் என்ன செய்தேன் தெரியுமா? மழைக்குள் டோர்ச் லைட் பிடித்துக்கொண்டு மரப் பலட்டுகளைப் புரட்டிக்கொண்டிருந்தேன். சாமான் அடுக்கும் மரச் சட்டம்தான் பலட். வெளிநாட்டிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் போகும் மரத்தில் பூச்சி இருக்கக்கூடாது. மரத்தின் உட்பகுதி 56 பாகை சூட்டில் அரை மணி நேரம் இருந்திருக்க வேண்டும். அதற்கு அடையாளமாகக் கோதுமைக் கதிர் மாதிரி ஒரு முத்திரை சுட்டிருப்பார்கள். ஒன்றியத்துக்குள் இருந்த வரை எங்களுக்கு இந்த விதி பொருந்தவில்லை. ஜனவரி 1 முதல் நாங்கள் வெளிநாடு. முற்றத்தில் கிடந்த முந்நூறு சொச்சம் பலட்டில் முத்திரை இருந்தது பாதிக்கும் குறைவு. பழைய மரம், சேறு, ஈரம், எது முத்திரை எது கறை என்றே தெரியவில்லை. உடன் நின்ற போலந்துக்காரப் பையன் ஒவ்வொன்றையும் துடைத்துப் பார்த்துவிட்டு "இல்லை", "இல்லை" என்று சொன்னது இன்றைக்கும் காதில் கேட்கிறது.

மரம் ஒரு பக்கம். மேலே இருக்கும் சாமான் இன்னொரு பக்கம். முருங்கைக்காய்க்குச் செடிநலச் சான்றிதழ் வேண்டும், தேங்காய்க்கு வேண்டாம். அன்னாசி, வாழை, பேரீச்சை, டுரியான், தேங்காய் ஆகிய ஐந்துக்கும் விலக்கு. நெய்க்கு மிருக வைத்தியர் கையெழுத்து. ஒரு பெட்டி அனுப்பினாலும் ஒரு பலட் அனுப்பினாலும் அவருடைய கூலி ஒன்றுதான். இதையெல்லாம்விட மோசம், பிறப்பிட விதி. 'வரியே இல்லாத ஒப்பந்தம்' என்று தொலைக்காட்சியில் சொன்னார்கள். அது பிரித்தானியாவில் செய்த சாமானுக்கு. இந்தியாவிலிருந்து வந்த அரிசி மாவை இங்கே பெட்டி மாற்றி அடுக்கினால் அது பிரித்தானியச் சாமான் ஆகிவிடாது. இங்கே இறக்கும்போது ஒரு வரி, பிரான்சுக்குள் போகும்போது இன்னொரு வரி.

என் பிழையையும் சொல்லிவிடுகிறேன். சுங்கப் பட்டியலில் தேங்காய்க்கு மூன்று எண்: துருவி உலர்த்தியது, சிரட்டையோடு இருப்பது, மற்றது. ஜனவரி இரண்டாம் கிழமை நித்திரைக் கண்ணோடு சிரட்டைத் தேங்காய்க்கு உலர்த்தியதன் எண்ணைப் போட்டுவிட்டேன். லொறி பிரான்சின் கலே துறைமுகத்தில் ஒன்றரை நாள் நின்றது. தேங்காய் தாங்கியது, கூட இருந்த முருங்கைக்காய் கறுத்துப்போனது.

இப்போது பாரிஸ் சாமானில் பெரும்பகுதி லண்டனைத் தொடுவதே இல்லை. முதலாளி ரொட்டர்டாம் பக்கத்தில் இன்னொருவரோடு சேர்ந்து கிடங்கு எடுத்துவிட்டார், கொள்கலன் நேராக அங்கே போகிறது. இங்கே பதினொரு பேர் வேலை செய்த இடத்தில் இன்று ஆறு பேர்.

துறையூரான்:

அண்ணா, இவ்வளவு விரிவாக எழுதியதற்கு நன்றி. பலட் விஷயம் நான் எங்கேயும் படித்ததில்லை. ஒன்றுதான் புரியவில்லை. அந்த அயர்லாந்து எல்லை. சின்னத் தீவு, அதில் ஒரு கோடு. அதற்காகவா மே பதவியே போனது?

நியூரி நர்ஸ்:

இது என் வாசல் விஷயம், அதனால் நான் சொல்கிறேன். நாகர்கோவில் பக்கம் எனக்கு. பிரிட்டனைச் சேர்ந்த வட அயர்லாந்தில் நியூரியில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை. இங்கிருந்து, ஐரோப்பிய ஒன்றியத்திலேயே தங்கிவிட்ட அயர்லாந்துக் குடியரசில் இருக்கும் டண்டால்க் ஊருக்குக் காரில் இருபது நிமிஷம். நடுவில் எல்லை என்று எதுவும் கிடையாது. சாலை ஓரத்து வெள்ளைக் கோடு மஞ்சளாக மாறும், வேகப் பலகையில் மைல் போய் கிலோமீட்டர் வரும், அவ்வளவுதான். இப்படி 200-க்கும் மேற்பட்ட சாலைகள் எல்லையைத் தாண்டுகின்றன. நான் பார்த்துக்கொள்ளும் பாட்டி ஒருவர் கதை கதையாகச் சொல்வார்: ராணுவச் சாவடி, குன்றின் மேல் காவல் கோபுரம், தேவாலயத்துக்குப் போகக்கூடக் காரை நிறுத்திச் சோதனை. 1998 சமாதான ஒப்பந்தத்துக்குப் பிறகுதான் அதெல்லாம் ஒவ்வொன்றாகப் போனது. மறுபடி ஒரு சுங்கச் சாவடி வரும் என்ற பேச்சு வந்தாலே அவருக்குக் கை நடுங்கும்.

கிடங்குக்கார அண்ணன் சொன்ன சோதனையெல்லாம் எங்கேயாவது நடந்தாக வேண்டுமே. நிலத்தில் வைத்தால் பழைய சண்டை. கடலில், அதாவது பிரிட்டனுக்கும் வட அயர்லாந்துக்கும் நடுவில் வைத்தால், "எங்களை எங்கள் நாட்டிலிருந்தே பிரிக்கிறீர்கள்" என்று, பிரிட்டனோடுதான் இருக்க வேண்டும் என்னும் யூனியனிஸ்டுகள். மே கட்சி ஆட்சியில் நின்றதே அவர்களுடைய பத்து எம்.பி.க்கள் தயவில். எங்குமே வைக்காமல், வேறு வழி கிடைக்கும் வரை வட அயர்லாந்து உட்பட மொத்த நாட்டையும் சுங்க ஒன்றியத்தில் வைத்துக்கொள்ள மே பார்த்தார். அவர் கட்சிக்காரர்களே கவிழ்த்தார்கள். அடுத்த பிரதமர் ஜான்சன் வந்து கடலில் வைத்தார். வைத்துவிட்டு, எந்தத் தாளும் நிரப்ப வேண்டியதில்லை, யாராவது கேட்டால் குப்பைத்தொட்டியில் போடுங்கள் என்று இங்குள்ள வியாபாரிகளிடமே சொன்னார்! அந்தக் கோபத்தில் 2022-லிருந்து இரண்டு வருஷம் இங்கே மாகாண அரசே நடக்கவில்லை. 2023-ல் விண்ட்சர் ஏற்பாடு என்ற புது உடன்பாடு வந்து கொஞ்சம் இளக்கியது. இப்போது கடலைத் தாண்டி பிரிட்டனிலிருந்து வரும் பால் பாட்டிலில் 'ஐரோப்பிய ஒன்றியத்துக்கு அல்ல' என்று அச்சடித்திருக்கிறது.

ஒரு வேடிக்கை. எல்லையே இல்லை என்கிறார்களே, இந்திய பாஸ்போர்ட்டில் பிரிட்டிஷ் வேலை விசாவோடு வந்த எனக்கு டண்டால்க் போகத் தனியாக அயர்லாந்து விசா வேண்டும். யாரும் தடுப்பதில்லை, ஆனால் பஸ்ஸில் எப்போதாவது போலீஸ் ஏறிப் பார்ப்பார்கள். உடன் வேலை செய்பவர்கள் மதிய இடைவேளையில் அங்கே போய்ப் பெட்ரோல் போட்டுவிட்டு வருவார்கள். நான் மஞ்சள் கோடு தொடங்கும் இடத்துக்கு முன்னாலேயே திரும்பிவிடுவேன்.

கிடங்குக்காரன் (லண்டன்):

தங்கச்சி சொன்னது முழுக்கச் சரி. ஒன்று சேர்க்கிறேன். நாலரை வருடம் என்று தலைப்பில் போட்டிருக்கிறீர்கள், பேச்சு இன்னும் முடியவில்லை தம்பி. மீன்பிடி ஏற்பாடு 2026 ஜூன் வரைதான் என்று இருந்தது. 2025 மே மாதம் கூடிப் பேசி அதை 2038 வரை நீட்டினார்கள். கூடவே உணவுச் சான்றிதழ்களைக் குறைக்க ஓர் உடன்பாடு காண்போம் என்றும் சொன்னார்கள். நெய்க்கு அந்தக் கையெழுத்து போனால் எனக்குப் போதும்.

அது சரி, உங்கள் வீட்டுப் பாகப்பிரிவினையில் கிணறு யாருக்குப் போனது?

துறையூரான்:

அண்ணா, இதைக் கேட்பீர்கள் என்று எதிர்பார்க்கவே இல்லை. அப்பாவிடம் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். கிணற்றை மட்டும் 'பொதுவில்' என்று எழுதி வைத்தார்களாம். இருபத்திரண்டு வருஷமாக ஒரு நாள் விட்டு ஒரு நாள் முறை. போன கோடையில் மோட்டாரில் காயில் எரிந்ததிலிருந்து ரெண்டு வீட்டுக்கும் பேச்சு வார்த்தை இல்லை. யார் முறையில் எரிந்தது என்பதுதான் வழக்கு.

நியூரி நர்ஸ்:

எத்தனை ஹெச்.பி. மோட்டார்?

துறையூரான்:

ஏழரை அக்கா.