மக்கள்தொகை ஆய்வு படிக்க மும்பை போகலாமா, இங்கேயே இருக்கலாமா?

மலர்_சிப்புட்:

வணக்கம். மலேசியாவில் சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். புள்ளியியலில் டிகிரி முடித்து இப்போது ஈப்போவில் ஒரு காப்புறுதி கம்பெனியில் வேலை. நாள் முழுக்க எக்செல், சம்பளம் பரவாயில்லை, ஆனால் மனசு ஒட்டவில்லை. மும்பையில் கோவண்டி பக்கம் இருக்கும் மக்கள்தொகை அறிவியல் நிறுவனத்தில், அதுதான் இந்தியாவின் தேசிய குடும்பநல சர்வேயை நடத்துகிறவர்கள், அங்கே மாஸ்டர்ஸ் செய்யலாமா என்று பார்க்கிறேன்.

வீட்டில் அப்பா கேட்டது, "ஆளை எண்ணுறதுக்கு ஒரு படிப்பா? அது செஞ்சஸ் காரன் வந்து எண்ணிட்டுப் போறான்ல?" அம்மாவுக்கு அதெல்லாம் கவலையில்லை, மழையில் மூழ்கிய மும்பை வீடியோ ஒன்றை யாரோ வாட்சப்பில் அனுப்பிவிட்டார்கள், அதிலிருந்து பேச்சே இல்லை.

எனக்கு ஆய்வு செய்ய ஒரு விஷயம் இருக்கிறது. எங்கள் பாட்டி இருந்த தோட்டம் ரப்பரிலிருந்து செம்பனைக்கு மாறி, அப்புறம் பாதி நிலம் தாமான் (குடியிருப்புப் பகுதி) ஆகிவிட்டது. லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில், இருந்த குடும்பங்கள் எங்கே போயின, எத்தனை பிள்ளைகள், யார் உயிரோடு இருக்கிறார்கள், இதை முறையாகக் கண்டுபிடிக்க முடியுமா? பாட்டியின் ஐசியில் (அடையாள அட்டையில்) இருக்கும் வயதே பொய் என்று பாட்டியே சொல்லும்.

அங்கே படித்தவர்கள் யாராவது இருந்தால் ஹாஸ்டல், சாப்பாடு, புரொபசர்கள் எல்லாம் எப்படி என்று சொல்லுங்கள்.

தாமான்வாசி:

நான் படித்தவன் இல்லை, 2020 செஞ்சஸில் தற்காலிக வேலை பார்த்தவன். ஜூலையில் ஆன்லைனில் ஆரம்பித்தார்கள், அடுத்த வருஷம்தான் வீடு வீடாகப் போனோம், நடுவில் கோவிட். உங்கள் அப்பாவிடம் சொல்லுங்கள், எண்ணுவது சுலபமே இல்லை. கேட் பூட்டியிருக்கும், நாய் இருக்கும், வீட்டில் ஆறு பேர் என்பார்கள், உள்ளே பார்த்தால் ஒன்பது செருப்பு. வாடகைக்கு இருக்கிறவர்கள் கதவே திறக்க மாட்டார்கள். ஆனால் மும்பை எதற்கு? மலாயா பல்கலைக்கழகத்தின் பொருளாதாரத் துறையில் நீண்ட காலமாக மக்கள்தொகை ஆய்வுப் பிரிவு உண்டு. எல்பிபிகேஎன் என்ற அரசின் மக்கள்தொகை, குடும்ப மேம்பாட்டு வாரியம் 1974லிருந்து 2014 வரை பத்து வருஷத்துக்கு ஒரு முறை குடும்ப சர்வே எடுத்தது. ஆய்வு செய்யப்போவது நம் ஊர் ஆட்களை, படிப்பது இன்னொரு நாட்டில், எனக்குப் புரியவில்லை. செலவையும் யோசியுங்கள்.

கோவண்டி_பழைய_மாணவன்:

நான் அங்கே இரண்டு வருஷம் இருந்தேன், கிள்ளான்காரன். தாமான்வாசி சொல்வதில் பாதி சரி, மீதிக்கு வருகிறேன்.

முதலில் இடம். ஹார்பர் லைனில் கோவண்டி ஸ்டேஷன், அங்கிருந்து ஆட்டோ. தேவ்னாரில் ஒரு பெரிய குப்பைமேடு இருக்கிறது, காற்று அந்தப் பக்கமிருந்து அடித்தால் புகை. இதை யாரும் பிராஸ்பெக்டஸில் போட மாட்டார்கள், அதனால் சொல்கிறேன். வளாகம் சின்னது, பல்கலைக்கழகம் என்று நினைத்துப் போனால் பள்ளிக்கூடம் மாதிரி தெரியும், நல்லதும் அதுதான், எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். பக்கத்திலேயே டாடா சமூக அறிவியல் நிறுவனம், அங்கே நடக்கும் கூட்டங்களுக்கும் போய் உட்காருவோம். மெஸ் சாப்பாடு வடஇந்தியப் பாணி, ரொட்டியும் தாலும். சாம்பார் ஏக்கம் வந்தால் செம்பூர் அல்லது மாட்டுங்கா போக வேண்டும், இரண்டு இடத்திலும் தமிழர் கடைகள் உண்டு. ஜூனிலிருந்து செப்டம்பர் வரை மழை, ரயில் நிற்கும், அம்மா பார்த்த வீடியோ பொய் இல்லை. ஆனால் நீங்கள் ஹாஸ்டலுக்குள் இருப்பீர்கள், தண்ணீரில் அல்ல.

நிறுவனத்தின் கதை: 1956ல் மக்கள்தொகைப் பயிற்சி ஆய்வு மையம் என்ற பெயரில், இந்திய அரசும் டாடா அறக்கட்டளையும் ஐநாவும் சேர்ந்து ஆரம்பித்தது. ஆசிய பசிபிக் வட்டாரத்துக்கே பயிற்சி கொடுக்கிற இடமாகத்தான் நினைத்தார்கள், அதனால் வெளிநாட்டு மாணவர் என்று யாரும் உங்களை வேடிக்கை பார்க்கப் போவதில்லை. 1985ல் நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஆனது. மாஸ்டர்ஸ் என்றால் முதலில் வாழ்க்கை அட்டவணை (எந்த வயதில் எத்தனை பேர் இறக்கிறார்கள் என்ற கணக்கு), கருவள விகிதம் (குழந்தை பிறப்புக் கணக்கு), இடப்பெயர்ச்சி, அப்புறம் ஸ்டேட்டா, ஆர் என்ற புள்ளியியல் மென்பொருள்கள். கணக்கு தெரிந்த உங்களுக்கு முதல் செமஸ்டர் லேசு. சமூகவியலிலிருந்து வந்தவர்கள் வாழ்க்கை அட்டவணையில் கண் கலங்குவார்கள், இரண்டாம் செமஸ்டரில் அவர்கள் நம்மைக் கண் கலங்க வைப்பார்கள், ஏனென்றால் எண் ஏன் அப்படி வந்தது என்று சொல்லத் தெரிந்தவர்கள் அவர்கள்தான்.

இப்போது மும்பை எதற்கு என்ற கேள்வி. அங்கே டேட்டா குவிந்து கிடக்கிறது. 2019-21ல் நடந்த ஐந்தாவது குடும்பநல சர்வேயில் 6,36,699 வீடுகள், ஏழு லட்சத்துக்கும் மேல் பெண்கள். முதியோருக்குத் தனியாக ஒரு சர்வே, 45 வயதும் அதற்கு மேலும், 72,000 பேருக்கு மேல். கேள்வித்தாள் எப்படித் தயாராகிறது, பத்துக்கு மேற்பட்ட மொழிகளில் அதே கேள்வியை எப்படிக் கேட்பது, கள ஆள் வீட்டுக்குப் போகாமலே மரத்தடியில் உட்கார்ந்து நிரப்பினால் எப்படிப் பிடிப்பது, இதெல்லாம் காரிடாரில் டீ குடிக்கும்போதே காதில் விழும். இதைப் புத்தகத்தில் படிக்க முடியாது.

உங்கள் பாட்டி வயது விஷயம் தனிப் பாடம். வயது தெரியாதவர்கள் 50, 55, 60 என்று ரவுண்டாகச் சொல்வார்கள், வரைபடத்தில் அந்த வயதுகள் மட்டும் கம்பம் நட்டது மாதிரி நிற்கும். எவ்வளவு குவிகிறது என்று அளக்க விப்பிள் குறியீடு இருக்கிறது: 23லிருந்து 62 வயது வரை உள்ளவர்களில் 0, 5ல் முடியும் வயதுக்காரர்களை ஐந்தால் பெருக்கி, மொத்தத்தால் வகுத்து, நூறால் பெருக்க வேண்டும். எல்லாரும் உண்மை சொன்னால் 100 பக்கம் வரும், எல்லாரும் ரவுண்டாகச் சொன்னால் 500. பாட்டியிடம் "எத்தனை வயசு" என்று கேட்காதீர்கள். ஜப்பான்காரன் வந்தபோது நடக்கிற பிள்ளையா கைப்பிள்ளையா, 1948 அவசர காலத்தில் சடங்கு ஆகிவிட்டதா, மெர்டேக்கா (1957 சுதந்திரம்) சமயம் கல்யாணமா, இப்படிக் கேட்டால் ஒன்றிரண்டு வருஷத்துக்குள் வந்துவிடும்.

பழைய_கிராணி:

தம்பி நன்றாக எழுதியிருக்கிறார். நான் பேராக்கில் ஒரு தோட்டத்தில் கிராணியாக (ஆபீஸ் குமாஸ்தாவாக) இருந்து ஓய்வு பெற்றவன். மலர்மா, லயத்துக் குடும்பங்களைத் தேடுவதாக இருந்தால் ஒரு விஷயம். செக்ரோலில், அதாவது தோட்டத்து வேலையாட்கள் பதிவேட்டில், பெயர் வெட்டியிருந்தால் செத்துவிட்டார் என்று நினைத்துவிடாதே. 1969க்குப் பிறகு வேலை பெர்மிட் கிடைக்காமல் சிவப்பு ஐசிக்காரர்கள் (குடியுரிமை இல்லாதவர்கள்) குடும்பம் குடும்பமாக பினாங்கில் இந்தியாவுக்கு ரஜூலா கப்பல் ஏறினார்கள், எல்லாம் சேர்த்து 60,000 பேர் அளவில் போனதாகச் சொல்வார்கள். செக்ரோலில் பார்த்தால் வெறும் ஒரு கோடு. அதே மாதிரி வேலைக்குப் போகாத கிழவன் கிழவி, சின்னப் பிள்ளைகள் செக்ரோலில் இருக்கவே மாட்டார்கள். பிள்ளைகளுக்கு ஆயாக்கொட்டகை (குழந்தைக் காப்பகம்) லிஸ்ட்டையும், தோட்டத்து மருத்துவ உதவியாளரான டிரசரின் புத்தகத்தையும் பார்க்க வேண்டும். ஆனால் இந்தப் புத்தகங்கள் இப்போது எங்கே? தோட்டம் கை மாறும்போது ஆபீஸ் பின்னால் போட்டுக் கொளுத்தினார்கள், நான் பார்த்தேன்.

கோவண்டி_பழைய_மாணவன்:

ஐயா, நீங்கள் சொன்ன, பட்டியலில் விடுபட்டவர்கள் விஷயம்தான் அந்த நிறுவனத்தின் பரம்பரைச் சொத்து. சி. சந்திரசேகரன் என்று ஒருவர், பின்னால் அதே மையத்தின் இயக்குநராக இருந்தவர், 1949ல் அமெரிக்கரான டெமிங்குடன் சேர்ந்து ஒரு வழி சொன்னார். இரண்டு தனித்தனிப் பட்டியல்களை ஒப்பிட்டு, இரண்டிலும் விடுபட்டது எத்தனை என்று கணிப்பது. மலருக்காக ஒரு கற்பனைக் கணக்கு: டிரசர் புத்தகத்தில் 80 பிறப்பு, நீங்கள் வீடு வீடாகக் கேட்டதில் 60, இரண்டிலும் இருப்பது 48. 80ஐ 60ஆல் பெருக்கி 48ஆல் வகுத்தால் 100. கண்ணில் பட்டவை 92தான், ஆக யாருமே எழுதாத 8 குழந்தைகள் இருந்திருக்கின்றன. பெரும்பாலும் பிறந்த சில நாளில் போனவை.

இதில் ஒரு பிடி: இரண்டு பட்டியலும் ஒன்றையொன்று பார்த்து எழுதியதாக இருக்கக் கூடாது. உங்கள் தோட்டத்தில் பிறப்புப் பதிவுக்கு யார் தகவல் கொடுப்பார்கள்?

பழைய_கிராணி:

டிரசர் எழுதிக் கொடுக்கும் சீட்டைத்தான் எடுத்துப் போவார்கள்.

கோவண்டி_பழைய_மாணவன்:

அப்படியானால் அரசுப் பதிவும் டிரசர் புத்தகமும் ஒரே வாயிலிருந்து வந்தவை. அந்த இரண்டையும் ஒப்பிட்டால் எல்லாம் அழகாகப் பொருந்தும், விடுபட்டது மிகக் குறைவு என்று கணக்கு சொல்லும், நம்பினால் போச்சு. பாட்டிமார்களிடம் நேரில் கேட்டது ஒரு பக்கம் கட்டாயம் வேண்டும்.

மலர்_சிப்புட்:

இதைப் படித்துவிட்டு நேற்று அப்பாவிடம் அந்த 8 குழந்தைகள் கணக்கைச் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை, அப்புறம் "சரி, ஸ்காலர்ஷிப் உண்டா பாரு" என்றார். அதனால் கேட்கிறேன், உண்டா? இன்னொன்று, தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்கு வருஷா வருஷம் பழைய ஆட்கள் ஜொகூரிலிருந்தெல்லாம் வருகிறார்கள். அங்கேயே உட்கார்ந்து பெயர் எடுத்தால் போதாதா?

தாமான்வாசி:

திருவிழா நல்ல யோசனை. அன்னதானம் போடும் இடத்தில் மேசை போடுங்கள், ஒருத்தரும் தப்ப மாட்டார்கள்.

கோவண்டி_பழைய_மாணவன்:

தொடக்கத்துக்குப் போதும், முடிவுக்குப் போதாது. திருவிழாவுக்கு வருகிறவர் கார் உள்ளவர், உறவு அறுபடாதவர், மதம் மாறாதவர், உடம்பு நன்றாக இருப்பவர். காணாமல் போனவர்களைத் தேடப் போய் காணாமல் போகாதவர்களையே எண்ணிவிட்டு வருவீர்கள். வருகிறவர்களிடம் "உங்கள் லயத்தில் இடது பக்க வீடு யார், வலது பக்கம் யார், இப்போது எங்கே" என்று கேளுங்கள். லயத்தின் படத்தை ஐயா மாதிரி ஆட்களை வைத்து முதலில் வரைந்துகொண்டு, வீடு வீடாக நிரப்புங்கள். நிரம்பாத வீடுகள்தான் உங்கள் ஆய்வு.

ஸ்காலர்ஷிப்புக்கு இந்திய அரசின் ஐசிசிஆர் (கலாசார உறவுகள் மன்றம்) இருக்கிறது, கோலாலம்பூர் இந்தியத் தூதரகத்தில் கேளுங்கள். இங்கே திரும்பி அரசு வேலைக்குப் போகும் எண்ணம் இருந்தால், பட்டம் செல்லுமா என்று எம்கியூஏவில் (மலேசியத் தகுதி நிர்ணய அமைப்பில்) எழுத்தில் பதில் வாங்கிய பிறகு பணம் கட்டுங்கள். கிடைக்கவில்லை என்றால் தாமான்வாசி சொன்ன மலாயா பல்கலைக்கழகம் மோசமில்லை. போவதற்கு முன் 1976-77ல் இங்கே நடந்த மலேசியக் குடும்ப வாழ்க்கை சர்வேயின் கேள்வித்தாளைத் தேடிப் படியுங்கள். 1,262 குடும்பங்கள்தான், ஆனால் இந்தியக் குடும்பங்கள் குறைந்துவிடக் கூடாது என்று தனியாக இடம் சேர்த்து எடுத்தது. பிறந்த ஒவ்வொரு குழந்தையையும் வரிசையாகக் கேட்டிருப்பார்கள், இறந்ததையும் சேர்த்து. பாட்டியிடம் கேட்க அந்த வரிசையே போதும்.

பழைய_கிராணி:

படம் வரைய நான் வருகிறேன். எந்தத் தோட்டம், எந்த டிவிஷன் என்று தனிச்செய்தியில் போடுமா, பொதுவில் வேண்டாம்.