உங்க பங்குச் சாமியார்கிட்ட உங்களுக்குக் கிடைச்ச மறக்க முடியாத அனுபவம் எது? பகிர்ந்துக்கலாம் வாங்க

எங்க பங்குத்தந்தைக்கு, அதாவது எங்க ஊர் கத்தோலிக்கக் கோவில் சாமியாருக்கு, 75 வயசு முடிஞ்சிருச்சு. திருச்சபைச் சட்டப்படி பிஷப்புக்கு ராஜினாமா கடிதம் குடுத்துட்டாரு, சீக்கிரமே ஓய்வுக்குப் போறாருன்னு போன ஞாயித்துக்கிழமை பூசையில அறிவிச்சாங்க. பிரிவு விழாவுல பேசறதுக்கு ஆளாளுக்கு லிஸ்ட் போட்டுட்டு இருக்காங்க, கோவிலைப் புதுப்பிச்சாரு, மண்டபம் கட்டுனாருன்னு. எல்லாம் உண்மைதான். ஆனா எனக்கு அவருன்னு சொன்னா, நாம செஞ்ச பாவத்தைச் சாமியார்கிட்ட சொல்லி மன்னிப்புக் கேக்கற பாவசங்கீர்த்தனத் தொட்டிதான் கண்ணு முன்னாடி வருது.

தினமும் காலைப் பூசைக்கு அரை மணி நேரம் முன்னாடியே அங்க போய் உக்காந்துருவாரு. ஆள் வந்தாலும் சரி, வராட்டியும் சரி. பல வருஷமா கோவில் பக்கமே தலைகாட்டாம இருந்த நான் ஒரு நாள் என்ன தோணுச்சோ உள்ள போயிட்டேன், முழங்கால் போட்டா ஒரு வார்த்தை வரல, சின்ன வயசுல மனப்பாடமா தெரிஞ்ச ஜெபம் மொத்தமும் மறந்துபோச்சு. "நீங்க மனசுல இருக்கறதைப் பேசுங்கம்மா, ஜெபத்தை நான் சொல்றேன், கூடவே சொல்லிக்கலாம்"னாரு. இத்தனை வருஷம் எங்க போனேன், ஏன் வரலன்னு ஒரு கேள்வி கிடையாது. நான் அழுது முடிக்கற வரைக்கும் பூசைக்கு நேரமாச்சுன்னு அசையக்கூட இல்ல.

பிற்பாடு ஒரு தடவை, யாருமே வராத நாள்ல சும்மா எதுக்கு ஃபாதர் உக்காந்திருக்கீங்கன்னு கேட்டேன். "உள்ள போலாமா வேணாமான்னு வாசல்லயே தயங்குறவங்க இருப்பாங்க, அவங்க எட்டிப் பாக்குறப்ப உள்ள ஆள் இருக்கணும்ல"ன்னாரு. அவரு ரூம்ல இருந்த ஒரே படம் புனித ஜான் மரிய வியான்னியோடது. 1818ல ஆர்ஸ்னு பிரான்ஸ்ல ஒரு குக்கிராமத்துக்கு பங்குச் சாமியாராப் போனவரு, அப்ப அங்க இருந்தது 230 பேரு சொச்சம்தான். லத்தீன் படிப்பு ஏறாம குருப்பட்டமே கிடைக்குமான்னு தவிச்ச மனுஷன், கடைசி வருஷங்கள்ல ஒரு நாளைக்கு 16 மணி நேரம் வரைக்கும் பாவசங்கீர்த்தனம் கேட்டிருக்காரு, நாடு பூரா இருந்து ஜனங்க தேடி வந்திருக்காங்க. அதைவிட என்னைத் தொட்டது, அவரு தாங்க முடியாம சில தடவை அந்த ஊரை விட்டே போயிடப் பாத்திருக்காரு, ஒவ்வொரு தடவையும் திரும்பி வந்திருக்காரு. 1859ல சாகற வரைக்கும் அதே பங்குதான். 1929ல பங்குத்தந்தையர் எல்லாருக்கும் அவரைப் பாதுகாவலரா அறிவிச்சாங்க.

உங்க அனுபவத்தையும் எழுதுங்க. பெரிய சம்பவமா இருக்கணும்னு இல்ல.

———

அக்கா நல்ல தலைப்பு. எங்க அப்பா ஐசியூல இருந்தப்ப டாக்டர் கைவிரிச்சுட்டாரு, நடு ராத்திரி ஒன்றரை மணி இருக்கும், பயந்து பயந்துதான் ஃபாதருக்கு போன் போட்டேன். ரெண்டாவது ரிங்லயே எடுத்தாரு. இருபது நிமிஷத்துல தைலக் குப்பியோட வந்து நிக்கறாரு. ஆனா அப்பாவுக்கு நினைவு இருந்துச்சு, ஃபாதரைப் பாத்ததும் முகம் வெளுத்துப்போச்சு, "அவஸ்தைப்பூசுதல் குடுக்க வந்துட்டாரு, அப்ப நான் போயிடுவேன்"னு கையைப் பிடிச்சுக்கிட்டாரு. அந்தக் காலத்து ஆளு, அவங்களுக்கு அது சாவுக்கு முன்னாடி கடைசியா குடுக்கறதுதான்.

ஃபாதர் அவசரப்படவே இல்ல. நாற்காலியை இழுத்துப் போட்டு உக்காந்து மெதுவா சொன்னாரு, இது சாகப்போறவங்களுக்கு மட்டும் இல்ல, உலகத்து ஆயர்கள் எல்லாம் கூடின 2ஆம் வத்திக்கான் சங்கமே 1963ல இதைத் தெளிவாச் சொல்லிருச்சு, கடுமையா நோய்ப்பட்டவங்க பலத்துக்காகவும் குணத்துக்காகவும் வாங்குறது, பேரே நோயில்பூசுதல்தான்னு. அதுக்கப்புறம் அப்பா அவராவே தலையாட்டுனாரு. நெத்தியிலயும் ரெண்டு கையிலயும் தைலம் பூசி ஜெபிச்சாரு. ஜெபம் முடிஞ்சும் கிளம்பல, அப்பா தூங்குற வரைக்கும் பக்கத்துலயே இருந்தாரு, காலையில ஆறு மணிப் பூசை வேற அவருக்கு.

அப்பா அந்தத் தடவை பிழைச்சாரு. பல மாசம் கழிச்சு மறுபடி மோசமானப்ப அவரே "சாமியாரைக் கூப்புடு"ன்னாரு. நோய் முத்துனா திரும்பவும் வாங்கலாமாம், அப்பதான் எனக்கும் தெரியும். கடைசியா நற்கருணையும் (பூசையில குடுக்கற அப்பம்) வாங்கிட்டு நிம்மதியாப் போனாரு.

———

நான் பங்கு ஆபீஸ்ல வேலை பாத்தவன், என் பக்கத்துல இருந்து ஒண்ணு. எங்க ஃபாதர் ஞானஸ்நானப் புத்தகம் எழுதறதைப் பாக்கணும். பேனா வச்சு முத்து முத்தா எழுதி, தேதி, பெத்தவங்க பேரு, ஞானத்தாய் ஞானத்தகப்பன் பேரு எல்லாம் ஒண்ணுக்கு ரெண்டு தடவை சரிபார்த்துட்டுதான் கையெழுத்துப் போடுவாரு. வேற பங்குல கல்யாணம் ஆனவங்களோட தகவல் வந்தா அன்னைக்கே அந்தப் பக்கத்தை எடுத்து ஓரத்துல குறிச்சிருவாரு. என்ன ஃபாதர் இவ்வளவு மெனக்கெடறீங்க, நாளைக்குப் பாத்துக்கலாம்னு சொன்னா கேக்கவே மாட்டாரு.

ஏன்னு ஒரு நாள் புரிஞ்சுது. ஆதரவற்றோர் இல்லத்துல வளர்ந்த ஒரு அம்மா வந்தாங்க, அறுபது வயசு இருக்கும், அவங்க கையில இருந்தது ஞானஸ்நானப் பேரும் உத்தேசமா ஒரு வருஷமும்தான். ஃபாதர் மதியச் சாப்பாட்டைக்கூட மறந்துட்டு பழைய புத்தகமா எடுத்து எடுத்துப் பாத்தாரு, காகிதம் தொட்டா உதிருது. சாயங்காலம் கிடைச்சுது. பெத்த அம்மா பேரு. அந்த அம்மா அந்த வரி மேல விரலை வச்சுக்கிட்டு எடுக்கவே இல்ல. எப்பவோ இருந்த ஒரு சாமியார் சோம்பல் படாம எழுதி வச்ச ஒரு வரி அது.

———

எல்லாரும் நல்லதா எழுதறீங்க, சந்தோஷம். எங்களுக்கு வாய்ச்சவரு அப்படி இல்ல. எங்க ஆச்சி படுக்கையில இருந்தப்ப மூணு தடவை ஆள் அனுப்புனோம், வரல. அதோட எங்க வீட்டுல பாதிப் பேரு கோவிலுக்குப் போறதை நிறுத்திட்டோம். இதையும் சொல்லணும்னு தோணுச்சு.

———

தம்பி, நீங்க சொன்னதைச் சொல்லத்தான் வேணும். ஒரு தடவை வராம போனா ஒரு குடும்பமே போயிடுது, வந்து நின்னா ஒரு குடும்பமே நிமிருது. எனக்கு நடந்தது ரெண்டாவது. இதை வெளியில அதிகம் சொன்னதில்ல.

என் தம்பி தற்கொலை பண்ணிக்கிட்டான். வீட்டுல அழுகைச் சத்தத்தை மீறி சொந்தக்காரங்க கிசுகிசுக்கறது காதுல விழுது, கோவிலுக்குள்ள எடுக்க விடுவாங்களா, கல்லறையில இடம் குடுப்பாங்களான்னு. அம்மா அதைக் கேட்டுட்டு அழறதையே நிறுத்திட்டாங்க, கல்லு மாதிரி உக்காந்துட்டாங்க. ஃபாதர் நாங்க கூப்பிடறதுக்கு முன்னாடியே வந்துட்டாரு. நேரா அம்மாகிட்ட போய் தரையில உக்காந்தாரு, ரொம்ப நேரம் எதுவும் பேசல. அப்புறம் அம்மா கேட்டது ஒரே கேள்வி, "சாமி, என் புள்ளைக்குப் பூசை உண்டா?" "உண்டும்மா. முழுப் பூசை. நான்தான் வைக்கப்போறேன்."

கிசுகிசுத்தவங்களைத் திட்டவும் இல்ல, அவங்களையும் கூப்பிட்டு உக்கார வச்சு எடுத்துச் சொன்னாரு. 1917 திருச்சபைச் சட்டத்தொகுப்புல வேணும்னே உயிரை மாய்ச்சுக்கிட்டவங்களுக்கு அடக்கச் சடங்கு கிடையாதுன்னு இருந்துச்சு, 1983ல வந்த சட்டத்துல அதை எடுத்துட்டாங்க, மனநோயும் தாங்க முடியாத வேதனையும் ஒருத்தரோட பொறுப்பைக் குறைச்சிரும்னு திருச்சபையே போதிக்குது, அவனுக்காக ஜெபிக்கறதுதான் நம்ம வேலைன்னாரு. மறுநாள் பிரசங்கத்துல எப்படிச் செத்தான்னு ஒரு வார்த்தை வரல, அவன் பீடச்சிறுவனா இருந்தது, எல்லாருக்கும் சைக்கிள் ரிப்பேர் பண்ணிக் குடுத்தது, இதைத்தான் பேசுனாரு. அதுக்கப்புறமும் வாரா வாரம் அம்மாவைப் பாக்க வருவாரு, அம்மாவை ஒரு மனநல ஆலோசகர்கிட்ட கூட்டிட்டுப் போகச் சொன்னதும் அவருதான். அன்னைக்கு அவரு வேற மாதிரி பேசியிருந்தா அம்மாவையும் இழந்திருப்போம், இதை நான் நிச்சயமாச் சொல்வேன்.

———

மேல எழுதுன அண்ணா, உங்க தம்பிக்காக இன்னைக்கு ஜெபிக்கிறேன். அந்த இன்னொரு தம்பிக்கு, உங்க ஆச்சி விஷயம் ரொம்ப வேதனையா இருக்கு, அதை நியாயப்படுத்த நான் வரல. உங்க மேல எந்தத் தப்பும் இல்ல.

———

நானும் ஒண்ணு சொல்றேன். என் மாமா பங்குச் சாமியாரா இருந்தவரு. வெளியில பாக்கறவங்களுக்குத் தெரியாது, ராத்திரி எல்லா வீட்டுக்கும் ஆறுதல் சொல்லிட்டு வந்து தனியா ஒரு தட்டுல ஆறிப்போனதைச் சாப்பிடுவாரு. அவருக்கு அப்பா செத்த அன்னைக்குக்கூட காலையில பங்குல ஒரு கல்யாணம், அதை முடிச்சுட்டுதான் கிளம்பி வந்தாரு, மணமக்கள்கிட்ட மூச்சு விடல. ஞாயித்துக்கிழமை ஒரு பூசை காணிக்கை வாங்காம பங்கு மக்களுக்காகவே ஒப்புக்குடுக்கணும்னு பங்குத்தந்தைக்குச் சட்டமே இருக்கு, பல பேருக்குத் தெரியாது. நம்ம பேரைச் சொல்லாட்டியும் அந்தப் பூசை நமக்காகத்தான். மாற்றல் வந்து கிளம்பறப்ப மாமாவோட சாமான் ரெண்டு பெட்டி, மீதி எல்லாம் புத்தகம். அதனால நம்ம சாமியார்கிட்ட சாப்டீங்களா ஃபாதர்னு ஒரு வார்த்தை கேளுங்க, அது போதும்.

———

எல்லாத்தையும் படிச்சேன். ஒரு சந்தேகம், அம்மாவுக்கு அடுத்த வாரம் ஹார்ட் ஆபரேஷன். இப்ப நல்லா நடமாடிட்டுதான் இருக்காங்க. நோயில்பூசுதல் கேக்கலாமா, ஃபாதர் தப்பா எடுத்துக்குவாரா?

———

தாராளமாக் கேளுங்க அம்மா. கடுமையான நோய்க்காக ஆபரேஷன்னா அதுக்கு முன்னாடியே வாங்கலாம். ஆபரேஷன் அன்னைக்கு வரைக்கும் இழுக்காதீங்க, முந்தின ரெண்டு மூணு நாளைக்குள்ள கோவிலுக்கே கூட்டிட்டுப் போங்க, பாவசங்கீர்த்தனமும் பண்ணிட்டு நற்கருணையும் வாங்கிக்கலாம். நாளைக்குக் காலையிலயே போன் பண்ணிருங்க.